மழை அண்ணாச்சி காட்டிய வீடுகள்

திருவனந்தபுரத்தில் வீட்டு புரோக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் யாருக்கும் எந்த வீட்டையும் முடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு தொழில் நடத்தியவர் அவர்களில் ஒருவர்தான். ஊரில் அவரை மழை அண்ணாச்சி என்பார்கள். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. என் போனிலும் 'மழை' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். திரையில் 'மழை அழைக்கிறது' என்று வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

நாங்கள் மதுரைக்காரர்கள். என் மனைவி வித்யாவுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. நான் எழுதிப் பிழைக்கிறவன். 'அவருக்கென்ன, எங்கே உட்கார வெச்சாலும் எழுதுவார்' என்று அவள் அலுவலகத்தில் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டதால் என்னை யாரும் கேட்கவில்லை. மகள் இனியாவுக்கு அப்போது மூன்றரை வயது. பிறந்ததிலிருந்தே நெஞ்சு கொஞ்சம் பலவீனம். குளிர்ந்தால் வீசிங் வந்துவிடும்.

மதுரையில் எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "ஊர் மாறுறதால ஒண்ணுமில்ல. ஆனா ஓதம் ஏறின சுவர் பக்கத்துல மட்டும் பிள்ளையப் படுக்க வைக்காதீங்க. அது ஒண்ணுதான் ஆகாது. எந்த ஊருக்குப் போறீங்க?"

திருவனந்தபுரம் என்றேன். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

மே மாதக் கடைசியில் வந்து இறங்கினோம். வித்யாவின் அலுவலகம் பாளையம் பக்கத்தில் ஒரு விருந்தினர் அறையை மூன்று வாரத்துக்குக் கொடுத்தது. தரைத்தளம். கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓதம் ஏறி, இந்தியாவும் இலங்கையும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாம் நாள் காலையிலேயே இனியாவின் மூச்சில் விசில் கேட்டது. நெபுலைசரை எடுத்தோம். மூன்று வாரத்துக்குள் ஈரமில்லாத ஒரு வீட்டைப் பிடித்தாக வேண்டும். எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எந்தப் பகுதி என்று முடிவு செய்வதற்காக லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டேன். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வித்யாவுக்கு எத்தனை பஸ் என்று பதினோரு கட்டம். கழக்கூட்டம் என்றால் புதுப் புது ஃபிளாட், ஆனால் வித்யா பாதி ஆயுளைப் பஸ்ஸில் கழிக்க வேண்டும். கரமனை என்றால் பஸ் வசதி, தெருவில் தமிழும் கேட்கும், ஆனால் ஆறு பக்கத்தில். பேரூர்க்கடை மேடு என்றார் ஒருவர். மேடுதான், ஆனால் அங்கே மரம் அதிகம், வெயிலே இறங்காது என்றார் அடுத்த மேஜைக்காரர். அலுவலகத்தில் பதினெட்டுப் பேர் பதினெட்டு இடங்களைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தான் குடியிருக்கும் இடத்தை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

கடைசியில் வலியசாலையிலிருந்து வருகிற வித்யாவின் மேலதிகாரி அம்மாள்தான் வழி சொன்னார். "மழை அண்ணாச்சின்னு ஒருத்தர் இருக்கார். எங்காத்துல கொத்து வேலை எல்லாம் ஒரு காலத்துல அவர்தான் பாத்தார். கொஞ்சம் ஒருமாதிரி. ஆனா வாய்ல பொய் வராது, கேட்டேளா?"

அதில் 'கொஞ்சம்' என்பது மட்டும் பொய்.

கரமனையில் ஒரு டீக்கடையில் அவரைச் சந்தித்தேன். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கவிட்ட நீளக் கறுப்புக் குடை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கொத்து வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போன பிறகு புரோக்கர் ஆகியிருக்கிறார். நான் இனியாவின் நெஞ்சைப் பற்றியும் எங்கள் கெடுவைப் பற்றியும் சொல்லி முடித்து, "இன்னைக்கே ரெண்டு வீடு பார்த்துடலாமா?" என்றேன்.

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னைக்குப் பாக்க முடியாது சார்."

"ஏன், சாவி கிடைக்கலையா?"

"சாவியெல்லாம் மடியில கெடக்கு. மழை இல்லியே."

நான் விழித்தேன்.

"மாப்பிள்ளை பாக்க வாற அன்னைக்கு எவனாவது குடிச்சிட்டு வருவானா சார்? குளிச்சு, பவுடர் போட்டு, நல்ல பிள்ளையாத்தான் வருவான். வெயில்ல வீடும் அப்படித்தான், பாத்துக்கிடுங்க. மழையில போய்ப் பாத்தாத்தான் அதோட குணம் தெரியும். மழை பெய்யட்டும், நானே விளிக்கேன்."

அவ்வளவுதான். குடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் பருவமழை தாமதம். நானும் நாள்தோறும் டிவியில் வானிலை பார்த்தேன். இன்னும் மூன்று நாளில் தொடங்கும் என்றார்கள். மூன்று நாள் கழித்தும் அதையே சொன்னார்கள். கேரளாவுக்கு வந்து, மழை பெய்ய மாட்டேன் என்கிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். விருந்தினர் அறையின் வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சாருக்கு மழ அத்தரய்க்கு இஷ்டமாணோ?" என்று கேட்டார். மழை எனக்கு அவ்வளவு பிடிக்குமாம். எனக்கு அழுகை வந்தது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. "சார், ஓடி வாங்க! இருட்டிட்டு வருது!"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பூஜப்புரைக்கு ஓடினோம். அழகான வீடு. வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்றார். அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "இருக்கட்டும் சேச்சி. மழை வரட்டும்."

சிட்-அவுட் என்கிற முன்வராந்தாவில் நாங்கள் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம். அரை மணி போனது. அந்த அம்மாள் டீ கொடுத்தார். ஒரு மணி ஆனது. பலாப்பழம் வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மாள் பொறுமை இழந்து, "நிங்ஙள் வீடு காணான் வந்நதாணோ, மழ காணான் வந்நதாணோ?" என்று கேட்டே விட்டார். வீடு பார்க்க வந்தீர்களா, மழை பார்க்க வந்தீர்களா என்கிறார். அதற்குள் மேகம் கலைந்து வெயில் வந்துவிட்டது. அண்ணாச்சி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரி சேச்சி, இன்னொரு நாள் வாறோம்" என்று இறங்கினார். வீட்டுக்குள் நாங்கள் காலே வைக்கவில்லை. பலாப்பழத்துக்கு நன்றி சொல்ல வாயெடுத்த என்னை அந்த அம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் நான் பூஜப்புரை வழியாகப் போகும் பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை.

"ஊர்ல வேற புரோக்கரே இல்லையா?" என்றாள் வித்யா. "இவருக்கு நாம கிடைச்சோம், நமக்கு இவர் கிடைச்சார். நல்ல பொருத்தம்."

கேரளாவில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று மழை வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த வருஷமும் சட்டம் காப்பாற்றப்பட்டது. முதல் சனிக்கிழமையே அண்ணாச்சி எங்களை ஏழு வீட்டுக்கு இழுத்துப் போனார். இனியாவுக்கு மஞ்சள் ரெயின்கோட். எனக்கு ஒரு குடை, அது இரண்டாவது வீட்டிலேயே உள்வெளியாகத் திரும்பிக்கொண்டது.

வீடு பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் வாசலில் நின்று, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். அடுத்தது கிணறு. எட்டிப் பார்த்து, தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். அடுத்தது உள்ளே போய், வடக்குச் சுவர்களில் எல்லாம் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். என்னையும் வைக்கச் சொல்வார். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாதவர்களின் படுக்கையறைச் சுவரில் நானும் அவரும் எதிரெதிரே கன்னம் வைத்து நின்றிருக்கிறோம்.

"குளிருதா சார்?"

"மழை நாள்ல சுவர் குளிராம என்ன செய்யும் அண்ணாச்சி?"

"அது வேற குளிர், இது வேற குளிர். இது உள்ளேருந்து வாறது. வேண்டாம், வாங்க."

எல்லாவற்றுக்கும் மேலான பரீட்சை நாய். மழை வலுத்ததும் அந்தத் தெருவின் நாய்கள் எந்த வீட்டு ஓரத்தில் போய் ஒண்டுகின்றன என்று பார்ப்பார். ஸ்ரீகாரியத்தில் ஒரு வீடு, சுவர் சோதனையிலேயே தேறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாய்கள் அந்த வீட்டுக் கார் ஷெட்டைத் தாண்டிப் போய், எதிர் வீட்டுத் தகரக் கொட்டகையில் சுருண்டன.

"பாத்தீங்களா? இவ்வளவு பெரிய ஷெட் சும்மா கெடக்கு. ஒண்ணாவது படுத்துச்சா? தரைக்கடியில ஊத்து இருக்கு சார். இது வயல நிரப்பிக் கட்டுன எடம்."

"மூணு நாய் சொல்லுதுன்னு வீட்டை விடச் சொல்றீங்களா?"

"நாய்க்கு யாரும் கமிஷன் கொடுக்கல சார்."

ஏழு வீடும் போயிற்று. அன்று திரும்பும்போது நாலு பேரும் தொப்பல். மறுநாள் காலை இனியாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரமில்லாத வீடு தேடுகிறேன் என்று குழந்தையை நாள் முழுக்க மழையில் நனைய வைத்த அப்பனை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பார்வை பார்த்தார். மாஸ்க் போட்டு மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்த இனியாவின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வராந்தாவுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன். பைத்தியம் என்றேன். இனிமேல் எங்கள் பக்கம் வரவே வேண்டாம் என்றேன்.

நான் திட்டி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"ஒரு குடும்பத்துக்கு நான் மாசி மாசத்துல வீடு பாத்துக் குடுத்தேன் சார். நல்ல வெயில். அவங்களுக்கும் பிடிச்சிச்சு, எனக்கும் பிடிச்சிச்சு. எடவத்துல, அதான் நம்ம வைகாசில, மழை வந்த அன்னைக்குக் காலைல போறேன், வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அவங்க பிள்ளைய அலமாரி மேல ஏத்தி உக்கார வெச்சிருக்காங்க. ரெண்டு வயசு. என்னைப் பாத்ததும் சிரிச்சிச்சு சார். மாமா வந்தாச்சுன்னு சொல்லிச்சு. ஒண்ணும் ஆவல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அதுக்கப்பறம் வெயில்ல ஒரு வீட்டைக் காட்ட எனக்குக் கை வரல." அதே மூச்சில், "மோளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அறையைக் காலி செய்ய நாலே நாள்தான் பாக்கி. அடுத்த செவ்வாய் மழை விட்டு வெயில் அடித்தது. ஏதோ தப்புக் காரியம் செய்யப் போகிறவனைப் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறொரு புரோக்கரோடு போய் ஒரு வீட்டைப் பார்த்தேன். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். என் அட்டவணையில் பதினோரு கட்டத்துக்கும் டிக் விழுந்தது. அங்கேயே முடித்துவிட்டேன். சொல்லாமல் இருக்க மனசாட்சி விடாததால் அண்ணாச்சிக்குப் போன் செய்து, எந்தத் தெருவில் எந்த வீடு என்பதையும் சொன்னேன்.

"வெயில்லயா பாத்தீங்க?" என்றார். இழவு வீட்டில் விசாரிக்கிற குரல். வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

குடியேறிய மூன்றாம் நாள் பெருமழை. காலையில் வித்யா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கேட்டுக்கு வெளியே கறுப்புக் குடையின் கீழ் ஒருவர் குனிந்து எங்கள் வாசல் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. முட்டிக்குக் கீழே முழுக்கச் சேறு.

"வேண்டாம்னு சொல்லியும் வந்து நிக்கிறார் பாருங்க" என்றாள் வித்யா. அவளேதான் போய்க் கதவையும் திறந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு சுவராகக் கன்னத்தை வைத்துக்கொண்டே போனார். இனியாவின் அறைக்கு வந்ததும் நின்றார். "சார், அந்த பீரோவ ஒரு கை பிடிங்க." நகர்த்தினோம். பின்னால் புதுப் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தது. அவர் நகத்தால் ஒரு கீறு கீறினார். பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. அடியில் சுவர் கன்னங்கரேலென்று பாசி பிடித்து நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் இனியாவின் படுக்கை.

வித்யா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த ஊரே வேண்டாம், வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். எனக்கும் அதைவிட நல்ல யோசனை எதுவும் தோன்றவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று அண்ணாச்சி சொல்லியிருந்தால் ஒருவேளை நான் அவரை அடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

"அழாதீங்கம்மா. ஒரு வீடு இருக்கு."

"இருக்கா? இத்தனை நாள் ஏன் காட்டலை?" என்றேன்.

"நாலு மழைக்குப் போய்ப் பாத்துட்டேன் சார். கொழப்பமில்ல, சுவரெல்லாம் காஞ்சுதான் கெடக்கு. ஆனா ஒரு பெருமழைக்குப் பாக்காம எப்படிச் சொல்ல? இன்னைக்கு விடிய அங்க போயிட்டுத்தான் இங்க வாறேன்."

திருமலையில் ஒரு சரிவின் உச்சியில் இருந்தது அந்த வீடு. முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். கார் வராது. ஜன்னல்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிப் பச்சை. என் அட்டவணைப்படி பதினொன்றுக்கு மூன்று மார்க். ஆனால் கொட்டுகிற மழையில் அதன் வராந்தாவில் ஐந்து நாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. இனியாவைப் பார்த்து ஒன்று மட்டும் மரியாதைக்கு வாலை ஆட்டியது. நான் யாரும் சொல்லாமலே போய் வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தேன்.

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். முதல் வருஷம் ஒரே ஒரு தடவை இனியாவுக்கு வீசிங் வந்தது. பிறகு நெபுலைசர் பரணுக்குப் போனது. இப்போது இரண்டாம் வகுப்பு. முப்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஓடி ஏறுகிறாள்.

இந்த நாலு வருஷமும் பெருமழை பெய்த காலைகளில் எல்லாம் எட்டு மணிக்குள் 'மழை அழைக்கிறது' என்று வந்துவிடும். "தண்ணி ஏறிச்சா சார்?" என்பார். மலையுச்சியில் இருக்கிறோம் அண்ணாச்சி, இங்கே ஏறினால் ஊரில் யாருமே மிஞ்ச மாட்டார்கள் என்பேன். "அது சரிதான்" என்று வைத்துவிடுவார். அடுத்த பெருமழைக்கும் அதே கேள்வி.

போன மாதம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். எட்டு மணி ஆனது, பத்து ஆனது, போன் வரவில்லை. நான் அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள் வித்யா. அப்போதுதான் அவர் எங்கே குடியிருக்கிறார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது என்பது தெரிந்தது.

கரமனை டீக்கடையில் விசாரித்தேன். ஆற்றை ஒட்டி, கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லைன் வீடுகளைக் கை காட்டினார்கள். சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கடைசி அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயும் அதே முழங்கால் தண்ணீர்தான். நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன். கரண்ட் போய்ச் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. சுவரில் வருஷா வருஷம் தண்ணீர் ஏறிய கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன சார்? உங்க வீட்ல ஏறிட்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"மோளு?"

"நல்லா இருக்கா. லீவு. படம் பார்த்துட்டிருக்கா."

"அப்ப எதுக்கு சார் இந்த மழையில வந்தீங்க?" என்றார் நிஜமான கோபத்தோடு.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் குழந்தை எங்கே படுத்தால் மூச்சு விடும் என்று ஊரெல்லாம் சுவரைத் தடவிய மனிதர் எங்கே படுக்கிறார் என்று நாலு வருஷத்தில் நான் ஒரு தடவை கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "மழை விட்டா ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். இங்க நம்மாளுக பத்துப் பேரு இருக்கான், அவனுகள விட்டுட்டு வரவா?" என்று மறுத்துவிட்டார். அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்க போன்ல சார்ஜ் இருக்கா சார்?" என்றார்.

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். காலைத் தூக்கி மேலே வைத்து உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு நம்பராக மனப்பாடமாகச் சொன்னார். நேமம், பேட்டை, வட்டியூர்க்காவு. நான் அடித்து அடித்துக் கொடுத்தேன். "தண்ணி ஏறிச்சா? பிள்ளைக நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். அவர் முடித்துக் கொடுத்த பத்தொன்பது வீடு.

எல்லாம் முடிந்து மத்தியானம் ஒரு மணிக்கு மழை விட்டது. வெயில்கூட வந்தது. வித்யா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். எனக்கு அந்தக் கட்டிலை விட்டு இறங்க மனம் வரவில்லை.